மருந்து எங்கே இருக்கிறது? ஐந்து எண்கள் சொல்லிவிடும்



அரசாங்க கிளினிக்கின் மருந்து முகப்பில் தாத்தா பாட்டியோடு காத்திருந்த அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். கையில் எண் சீட்டு, வரிசையாக நாற்காலிகள், சுவரில் சத்தமில்லாமல் ஓடும் தொலைக்காட்சி. எண் வந்ததும் பாட்டியின் கையைப் பிடித்து எழுப்பி அழைத்துச் சென்றிருப்பீர்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் நானும் என் பாட்டியை அப்படி அழைத்துச் சென்றேன். இரண்டு மணி நேரக் காத்திருப்புக்குப் பிறகு முகப்பில் இருந்த பெண், "மன்னிக்கணும் பாட்டி, இந்த ரத்த அழுத்த மாத்திரை ஸ்தோக் முடிஞ்சுபோச்சு. இப்போதைக்கு ஒரு வாரத்துக்கு மட்டும் தர்றேன். அடுத்த வாரம் வந்து மீதியை வாங்கிக்குங்க" என்றார். பாட்டி கோபப்படவில்லை. "பரவாயில்லம்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அடுத்த வாரம் நல்ல மழை. பாட்டிக்கு முழங்கால் வலி வேறு. கிராப் எடுத்தால் போக வர இருபது ரிங்கிட்டுக்கு மேல் ஆகும். அவர் போகவில்லை. நான்கு நாள் மாத்திரை இல்லாமலே இருந்திருக்கிறார் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

அதே மாதம், வேறு ஊரில் தாதியாக வேலை செய்யும் என் அத்தை வீட்டுக்கு வந்திருந்தார். பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். "அந்த மாத்திரையா? எங்க இடத்துல ரெண்டு பெட்டி சும்மா கிடக்குது. அடுத்த மாசம் காலாவதி. தூக்கிப் போடத்தான் வேணும்" என்றார்.

இரண்டு கிளினிக்குக்கும் இடையே காரில் அரை மணி நேரம். மருந்து இருந்தது. அதற்குப் பணமும் கட்டியாகிவிட்டது. அது எங்கே, எவ்வளவு இருக்கிறது என்ற தகவல் மட்டும் யாரிடமும் இல்லை.

செயற்கை நுண்ணறிவு, ரோபோ அறுவைச் சிகிச்சை என்று இந்தப் பகுதியில் அடிக்கடி படிக்கிறீர்கள். அவை வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு மருத்துவமனைக்கு முதலில் வேண்டியது, அலமாரியில் என்ன இருக்கிறது என்று தெரிவதுதான். அதற்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை. சாதாரணக் கைப்பேசியும் ஒரு கணக்குத் தாளும் சரியாகப் பயன்பட்டால் உயிரைக் காக்கும். அது எப்படி என்று பார்ப்போம்.

555 புத்தகத்தின் அறிவியல்

உங்கள் தாத்தா காலத்து மளிகைக் கடைகளில் ஒரு சிறிய நோட்டுப் புத்தகம் இருக்கும். அட்டையில் 555 என்று போட்டிருக்கும். சட்டைப் பையில் அடங்கிவிடும். யார் எவ்வளவு கடன், எந்தச் சரக்கு தீரப் போகிறது என்பதெல்லாம் கடைக்காரர் அதில் கிறுக்கி வைத்திருப்பார். கணினி இல்லை, இணையம் இல்லை. ஆனாலும் தீபாவளிக்கு முன் நல்லெண்ணெய் தீர்ந்துபோன கடையை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

காரணம், அந்தக் கடைக்காரர் நான்கு கேள்விகளுக்கு எப்போதும் பதில் வைத்திருந்தார். என்ன இருக்கிறது? எவ்வளவு இருக்கிறது? எங்கே இருக்கிறது? எதுவரை தாங்கும்? இந்த நான்குக்கும் பதில் தெரிந்தால் எந்தக் கிடங்கையும் நடத்தலாம். உலகின் மிக விலையுயர்ந்த இருப்புக் கண்காணிப்பு மென்பொருளும் இந்த நான்கு கேள்விகளுக்குத்தான் பதில் தேடுகிறது.

மருத்துவமனையில் மட்டும் இது ஏன் கடினமாகிறது?

முதல் காரணம், வகைகளின் எண்ணிக்கை. ஒரே மருந்து 5 மில்லிகிராம், 10 மில்லிகிராம் என இரண்டு அளவுகளில் வரும். மாத்திரையாகவும் ஊசியாகவும் வரும். பெயரில் ஓர் எழுத்து மாறினால் வேறு மருந்து. கையுறை, ஊசிக்குழல், பஞ்சு, சிறுநீர்க் குழாய் என்று மருந்தல்லாத பொருள்களும் ஏராளம்.

இரண்டாவது, காலாவதி தேதி. மளிகைக் கடையில் முதலில் வந்த அரிசி மூட்டையை முதலில் விற்றால் போதும். மருந்துக்கு அது போதாது. ஜனவரியில் வந்த பெட்டி டிசம்பரில் காலாவதியாகிறது; மார்ச்சில் வந்த பெட்டி ஆகஸ்டிலேயே காலாவதியாகிறது என்று வைத்துக்கொள்வோம். எதை முதலில் எடுக்க வேண்டும்? பின்னால் வந்த மார்ச் பெட்டியைத்தான். 'முதலில் காலாவதியாவது முதலில் வெளியே' என்பது மருந்துக் கிடங்கின் விதி. வந்த வரிசையில் அடுக்கிவிட்டு மறந்துபோனால், என் அத்தை சொன்ன இரண்டு பெட்டிகளின் கதிதான்.

மூன்றாவது, வெப்பநிலை. பல தடுப்பூசிகளையும் இன்னும் திறக்காத இன்சுலினையும் 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைக்க வேண்டும். குளிர்பதனப் பெட்டி பழுதானால், பெட்டி நிறைய மருந்து இருந்தும் அது இல்லாததற்குச் சமம். உறைந்துபோனாலும் சில தடுப்பூசிகள் வீணாகிவிடும்.

நான்காவது, தொகுதி எண். ஒரு தொழிற்சாலையில் ஒரே நேரத்தில் தயாரான மருந்துகளுக்கு ஒரே தொகுதி எண் இருக்கும். அந்தத் தொகுதியில் குறை இருப்பதாகத் தெரியவந்தால், அதை மட்டும் திரும்பப் பெற வேண்டும். எந்தத் தொகுதி எந்த வார்டுக்குப் போனது என்று எழுதி வைக்காத மருத்துவமனை அன்றைக்கு என்ன செய்யும்? அலமாரி அலமாரியாகத் தேட வேண்டியதுதான்.

கடைசிக் காரணம் எல்லாவற்றையும்விடப் பெரியது. கடையில் பொருள் இல்லையென்றால் "நாளைக்கு வாங்க" என்று சொல்லலாம். நள்ளிரவில் மூச்சுத் திணறி வரும் குழந்தையிடம் அப்படிச் சொல்ல முடியாது.

மணலில் வரைந்த கோடுகள்

நம் நாட்டு அரசாங்கக் கிடங்குகளில் 'காட் பெத்தாக்' என்ற அட்டை ஒன்று உண்டு. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அட்டை. எத்தனை வந்தது, எத்தனை போனது, மிச்சம் எத்தனை என்று அதில் எழுதுவார்கள். நல்ல முறைதான். ஆனால் அந்த அட்டை அந்த அலமாரியில்தான் இருக்கும். பக்கத்து ஊரில் இருப்பவரால் அதைப் படிக்க முடியாது. அவசரத்தில் 71 என்பதை 17 என்று எழுதிவிட்டால் அட்டை அதைக் கண்டுபிடிக்கப் போவதும் இல்லை.

இங்கேதான் பட்டைக்குறி உதவிக்கு வருகிறது. அமெரிக்காவைச் சேர்ந்த ஜோசப் வுட்லண்ட், மோர்ஸ் குறியீட்டின் புள்ளிகளையும் கோடுகளையும் பற்றி யோசித்தபடி மியாமி கடற்கரையில் உட்கார்ந்திருந்தார். விரல்களை மணலில் பதித்துத் தன் பக்கமாக இழுத்தார். தடித்தும் மெலிந்தும் கோடுகள் விழுந்தன. அவரும் நண்பர் பெர்னார்ட் சில்வரும் 1952இல் அதற்குக் காப்புரிமை பெற்றார்கள். 1974ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் தேதி, ஒஹையோ மாநிலத்தின் டிராய் நகரப் பேரங்காடியில் ஒரு சூயிங்கம் பொட்டலம் முதன்முதலாகப் பட்டைக்குறி வழியாக விற்பனையானது.

பட்டைக்குறியின் அழகு அதன் கடைசி இலக்கத்தில் இருக்கிறது. உங்கள் பக்கத்தில் இருக்கும் ஏதாவது ஒரு பொருளை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் 13 இலக்கங்கள் இருக்கும். 955 என்று தொடங்கினால் அந்த எண் மலேசியாவில் வழங்கப்பட்டது, சிங்கப்பூருக்கு 888. முதல் 12 இலக்கங்கள் பொருளை அடையாளம் காட்டும். 13ஆவது இலக்கம் சரிபார்ப்பு இலக்கம்.

அதைக் கணக்கிடும் முறை ஐந்தாம் ஆண்டு மாணவருக்கும் புரியும். எடுத்துக்காட்டாக 955012345678 என்ற 12 இலக்கங்களை எடுத்துக்கொள்வோம். இடப்பக்கத்திலிருந்து ஒவ்வோர் இலக்கத்தையும் 1, 3, 1, 3 என்று மாறி மாறிப் பெருக்குங்கள். விடைகளைக் கூட்டினால் 105 வரும். அடுத்த பத்தின் மடங்கு 110. அதை எட்ட இன்னும் 5 வேண்டும். ஆகவே சரிபார்ப்பு இலக்கம் 5. முழு எண் 9550123456785. இப்போது யாராவது நடுவில் இருக்கும் 3ஐ 8 என்று தட்டிவிட்டால் கூட்டுத்தொகை 110 ஆகிவிடும். சரிபார்ப்பு இலக்கம் 0 ஆக இருக்க வேண்டும். ஆனால் அங்கே 5 இருக்கிறது. கணினி உடனே 'தவறு' என்று சொல்லிவிடும். ஓர் இலக்கம் மட்டும் தவறாகப் பதிவானால் இந்த முறை கட்டாயம் பிடித்துவிடும். தூக்கக் கலக்கத்தில் வேலை செய்யும் மனிதருக்கு இதைவிட நல்ல துணை வேண்டுமா?

அடுத்து வந்தது கியூஆர் குறியீடு. 1994இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹாராவும் அவர் குழுவினரும் கார் உதிரிப் பாகங்களைக் கண்காணிப்பதற்காக அதை உருவாக்கினார்கள். அதன் ஒரு பகுதி அழுக்கானாலும் கிழிந்தாலும் மீதியைக் கொண்டே படித்துவிடலாம். மிக உயர்ந்த பிழைதிருத்த நிலையில் சுமார் 30 விழுக்காடு சேதத்தைக்கூட அது தாங்கும். மருந்துப் பெட்டிகளில் இதைப் போன்ற சதுரக் குறியீட்டில் பொருளின் எண், தொகுதி எண், காலாவதி தேதி மூன்றையும் சேர்த்தே அச்சிட முடியும். இதைப் படிக்க இன்று தனிக் கருவி வேண்டியதில்லை. கைப்பேசியின் கேமராவே போதும்.

தான்சானியாவின் ஐந்து எண்கள்

இனி நான் உங்களுக்குச் சொல்ல விரும்பிய முக்கியமான கதைக்கு வருகிறேன்.

கிழக்கு ஆப்பிரிக்க நாடான தான்சானியாவில் மலேரியா பெரிய கொல்லி. மலேரியாவின் கொடிய வகைக்கு 24 மணி நேரத்துக்குள் சிகிச்சை தொடங்காவிட்டால் நோய் முற்றி உயிர் போகலாம். அதிகம் பாதிக்கப்படுவது ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். நோயைக் குணப்படுத்தும் நல்ல மருந்து உண்டு. ஆனால் கிராமத்துச் சுகாதார நிலையத்தில் அது பல நேரங்களில் இருப்பதில்லை.

2009, 2010ஆம் ஆண்டுகளில் அந்நாட்டின் மூன்று மாவட்டங்களில் ஒரு முன்னோட்டத் திட்டம் நடந்தது. அதன் பெயர் 'எஸ்.எம்.எஸ். ஃபார் லைஃப்'. தான்சானிய சுகாதார அமைச்சுடன் நோவார்ட்டிஸ், ஐ.பி.எம்., வோடஃபோன் ஆகிய நிறுவனங்களும் மலேரியா ஒழிப்புக் கூட்டணியும் கைகோத்தன. 129 சுகாதார நிலையங்கள், 21 வாரங்கள்.

அவர்கள் கிராமங்களுக்குக் கணினி அனுப்பவில்லை. விவேகக் கைப்பேசி வாங்கிக் கொடுக்கவில்லை. சுகாதார ஊழியர்களிடம் ஏற்கெனவே இருந்த சாதாரணக் கைப்பேசிக்கு வாரம் ஒரு முறை ஒரு குறுஞ்செய்தி வரும்: 'உங்கள் நிலையத்தில் மருந்து எவ்வளவு இருக்கிறது?' மலேரியா மாத்திரை நோயாளியின் எடைக்கு ஏற்ப நான்கு வகைப் பொட்டலங்களில் வரும். அவற்றோடு குவினைன் ஊசி மருந்து. மொத்தம் ஐந்து எண்கள். ஊழியர் எண்ணிப் பார்த்துப் பதில் அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். பதில் அனுப்பக் கட்டணம் இல்லை. நேரத்தோடு அனுப்பியவருக்குக் கைப்பேசியில் சிறிது பேசும் தொகை பரிசு. மறந்தவருக்கு ஒரு நினைவூட்டல்.

அந்த எண்கள் ஓர் இணையப் பக்கத்தில் சேர்ந்தன. மாவட்ட அதிகாரி அதைப் பார்த்தார். எங்கே அதிகம், எங்கே இல்லை என்பது அவர் கண்முன் நின்றது. அதிகம் இருந்த இடத்திலிருந்து இல்லாத இடத்துக்கு மருந்தை அனுப்ப முடிந்தது.

முதல் வாரத்தில், ஐந்து மருந்துகளில் ஏதாவது ஒன்றாவது தீர்ந்துபோயிருந்த நிலையங்கள் 78 விழுக்காடு. 21ஆம் வாரத்தில் அது 26 விழுக்காடு. வாராந்தரக் கேள்விக்குச் சராசரியாக 95 விழுக்காட்டு நிலையங்கள் பதில் அனுப்பின.

நீங்கள் அறிவியல் மாணவர்கள். ஆகவே இந்த எண்களைக் கண்டதும் கைதட்டாமல், கொஞ்சம் சந்தேகப்படவும் வேண்டும். தமிழ்ப்பள்ளியில் அறிவியல் செயற்பாங்குத் திறனில் தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்று படித்தீர்கள் அல்லவா? 78இலிருந்து 26 என்பது முன்னும் பின்னும் செய்த ஒப்பீடு. அந்த 21 வாரங்களில் வேறு என்னவெல்லாம் மாறியிருக்கும் என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டும். ஆனாலும் யார் எப்போது எண்ணினார்கள், யாருக்கு அது போய்ச் சேர்ந்தது, அவர் என்ன செய்தார் என்ற சங்கிலி இந்தத் திட்டத்தில் தெளிவாக இருக்கிறது. அதனால்தான் இதை நான் நம்புகிறேன்.

மிஞ்சிய 26 விழுக்காட்டையும் மறக்காதீர்கள். நாட்டின் மையக் கிடங்கிலேயே மருந்து இல்லையென்றால் எத்தனை குறுஞ்செய்தி அனுப்பினாலும் மாத்திரை வந்து சேராது. தகவல் மருந்தைத் தயாரிக்காது. இருக்கும் மருந்தைச் சரியான இடத்துக்கு அனுப்பத்தான் உதவும்.

மணி எப்போது அடிக்க வேண்டும்?

மருந்து தீர்ந்த பிறகு தெரிந்து என்ன பயன்? தீரப் போவது முன்கூட்டியே தெரிய வேண்டும். அதற்கு ஒரு சிறு கணக்கு போதும்.

ஒரு கிளினிக்கில் ஒரு மருந்து நாளொன்றுக்குச் சராசரியாக 20 பொட்டலம் செலவாகிறது. ஆர்டர் கொடுத்தால் வந்து சேர 7 நாள் ஆகும். அப்படியென்றால் காத்திருக்கும் காலத்தில் 140 பொட்டலம் தேவை. வெள்ளம் வந்து சாலை அடைபடலாம். திடீரென்று நோயாளிகள் கூடலாம். அதற்காக மூன்று நாளைக்கான 60 பொட்டலத்தைப் பாதுகாப்பு இருப்பாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 200. இருப்பு 200ஐத் தொட்டவுடன் ஆர்டர் கொடுத்துவிட வேண்டும். கணினியில் இருக்கும் சாதாரண விரிதாளில் இந்தச் சூத்திரத்தை எழுதிவிட்டால், எண் 200க்குக் கீழே இறங்கியதும் கட்டம் சிவப்பாக மாறும்படி செய்யலாம். படிவம் 1 மாணவருக்கே இது பத்து நிமிட வேலை.

எண்ணவே நேரமில்லாத வார்டுகளுக்கு இன்னோர் எளிய வழி உண்டு. அது ஜப்பானின் டொயோட்டா கார் தொழிற்சாலை முறையிலிருந்து வந்தது. ஒரே பொருளை முன்னும் பின்னுமாக இரண்டு பெட்டிகளில் வைப்பார்கள். முன்பெட்டியிலிருந்து மட்டும் எடுக்க வேண்டும். அது காலியானதும் பின்பெட்டியை முன்னே இழுத்துக்கொண்டு, காலிப் பெட்டியில் ஒட்டியிருக்கும் குறியீட்டை ஒரு முறை வருடினால் போதும். கிடங்குக்குச் செய்தி போய்விடும். தாதி எதையும் எண்ணவில்லை, எழுதவில்லை, தட்டச்சு செய்யவில்லை. இந்த முறை எனக்கு மிகவும் பிடிக்கும். வேலையைக் கூட்டாமல் தகவலைக் கூட்டுகிறது.

"இந்தக் காலத்தில் இவ்வளவு எளிமையா?"

என் கருத்துக்கு மறுப்புகள் உண்டு. அவற்றையும் நேர்மையாகப் பார்ப்போம்.

'வானொலி அலைச் சில்லுகளை ஒவ்வொரு பெட்டியிலும் ஒட்டினால், யாரும் வருடாமலே கணினி கண்டுகொள்ளுமே?' என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். இதயத்தில் பொருத்தும் விலையுயர்ந்த கருவிகளுக்கு அது பொருத்தமானது. ஆனால் சில காசு விலையுள்ள பஞ்சு உறைக்கும் அதே சில்லை ஒட்டுவது சரியா? பொருளின் மதிப்புக்கு ஏற்ற கருவி வேண்டும். உலோகமும் திரவமும் அந்த அலைகளைத் தடுக்கக்கூடும். மருத்துவமனையில் இரண்டும் நிறைய உண்டு.

'செயற்கை நுண்ணறிவு அடுத்த மாதத் தேவையைக் கணித்துவிடுமே?' என்பார்கள். கணிக்கும். ஆனால் எதை வைத்துக் கணிக்கும்? போன மாதம் எவ்வளவு செலவானது என்ற பதிவை வைத்துத்தான். பதிவு தவறாக இருந்தால் கணிப்பும் தவறாகத்தான் வரும். எண்ணப் பழகாத கிடங்கில் நுண்ணறிவைக் கொண்டுபோய் வைப்பது, அஸ்திவாரம் போடாமல் மாடி கட்டுவதைப் போன்றது.

மறுபக்கத்தில், எளிய கருவிகளுக்கும் ஆபத்து உண்டு. புலனக் குழுவில் 'ஸ்தோக் இல்லை' என்று ஒருவர் போடுவார். அதற்குமேல் நாற்பது காலை வணக்கங்கள் வந்து அதை மூடிவிடும். பலர் சேர்ந்து பயன்படுத்தும் விரிதாளில் ஒருவர் தெரியாமல் ஒரு வரியை அழித்துவிட்டால் எல்லாம் குழம்பிப்போகும். ஆகவே யார் எழுதலாம், யார் பார்க்க மட்டும் செய்யலாம் என்ற வரம்பு வேண்டும். தினமும் ஒரு படி நகல் எடுத்து வைக்க வேண்டும். மின்சாரம் போனால் எழுதுவதற்கு ஒரு தாள் முறையும் தயாராக இருக்க வேண்டும். மருந்துக் கணக்கில் நோயாளியின் பெயரோ நோயோ எழுதக் கூடாது. எத்தனை மாத்திரை போனது என்பது கிடங்குக்குத் தெரிய வேண்டும். அதைச் சாப்பிட்டவர் யார் என்பது கிடங்குக்குத் தேவையில்லை.

இன்னொன்று, இரட்டை வேலை. புதிய செயலியைக் கொண்டுவருகிறவர்கள் பழைய அட்டையையும் விடாமல் வைத்திருந்தால், ஊழியர் ஒரே எண்ணை இரண்டு இடத்தில் எழுத வேண்டும். ஒரு மாதம் எழுதுவார். இரண்டாம் மாதம் சலித்துப்போய், எண்ணாமலே போன வார எண்ணைப் போட்டுவிடுவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு பக்கம் முப்பது நோயாளிகள், மறுபக்கம் ஒரு படிவம் என்றால் நல்ல தாதி நோயாளியிடம்தான் போவார். போக வேண்டும். அந்த நேர்வில் தோற்றது கருவியை வடிவமைத்தவர்தான்.

நம் நாட்டின் அரசாங்க மருத்துவமனை மருந்தகங்களில் கணினி முறை ஏற்கெனவே இருக்கிறது. அது நல்ல தொடக்கம். ஆனால் மருந்தகக் கிடங்கைத் தாண்டி, வார்டு அலமாரியின் கடைசித் தட்டு, ஆம்புலன்ஸ் பை, தொலைவில் இருக்கும் சிறிய கிளினிக் ஆகிய இடங்களையும் நாம் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். 2020இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது, தன்னார்வலர்கள் வீட்டில் உட்கார்ந்து மருத்துவப் பணியாளர்களுக்குப் பாதுகாப்பு ஆடை தைத்தார்கள். முகக் கவசத் தடுப்புகளை முப்பரிமாண அச்சில் செய்து கொடுத்தார்கள். நம் மக்களிடம் மனம் இருந்தது, கையும் இருந்தது. அப்படிப்பட்ட நேரத்தில், எந்த மருத்துவமனைக்கு இன்று எத்தனை வேண்டும் என்ற பட்டியல் ஒவ்வொரு நாளும் புதிதாகக் கையில் இருந்தால் அந்த உழைப்பு இன்னும் நேராகப் போய்ச் சேரும்.

உங்கள் பள்ளியிலேயே தொடங்கலாம்

'இதெல்லாம் அமைச்சு செய்ய வேண்டியது, எங்களுக்கென்ன?' என்று நினைக்கிறீர்களா? உங்கள் பள்ளியில் செம்பிறைச் சங்கமோ செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் படையோ இருக்கும். அவர்களின் முதலுதவிப் பெட்டியைப் பொறுப்பாசிரியரின் அனுமதியோடு திறந்து பாருங்கள். ஒவ்வொரு பொருளின் காலாவதி தேதியையும் படியுங்கள். எத்தனை பொருள் காலாவதியாகிவிட்டது? காயத்துக்குப் போடும் மருந்து இருக்கிறதா, வெறும் புட்டி இருக்கிறதா? அறிவியல் கூடத்தில் ஒரு பெட்டி, திடலில் ஒரு பெட்டி, பேருந்தில் ஒரு பெட்டி என்று இருந்தால் மூன்றையும் பாருங்கள். நான் சொன்ன இரண்டு கிளினிக் கதை உங்கள் பள்ளிக்குள்ளேயே நடந்துகொண்டிருக்கலாம்.

பிறகு ஒரு விரிதாளில் ஐந்து பத்தி போடுங்கள்: பொருள், எண்ணிக்கை, இடம், காலாவதி தேதி, குறைந்தபட்ச இருப்பு. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு கியூஆர் குறியீட்டை ஒட்டுங்கள்; அதை வருடினால் அந்தப் பெட்டியின் பட்டியல் திறக்க வேண்டும். மாதம் ஒரு நாள் எண்ணும் நாள். பொறுப்பாளர் ஒருவர், அவர் வராவிட்டால் இன்னொருவர். எண் குறைந்தால் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதையும் எழுதி வையுங்கள். கடைசியாகச் சொன்னதுதான் மிக முக்கியம். கேட்க ஆளில்லாத இடத்தில் மணி அடித்து என்ன பயன்?

மூன்று மாதம் கழித்து, தொடங்கிய நாளில் காலாவதியான பொருள் எத்தனை, இன்று எத்தனை என்று ஒரு பட்டை வரைபடம் வரையுங்கள். உங்கள் அறிவியல் மன்றத்துக்கு இதைவிட உருப்படியான செயல்திட்டம் எனக்குத் தோன்றவில்லை.

வீட்டிலும் ஒரு வேலை இருக்கிறது. பாட்டியின் மருந்துப் பையை அவர் முன்னாலேயே திறந்து பாருங்கள். பெட்டியில் MAL என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் பதிவு எண், தொகுதி எண், காலாவதி தேதி ஆகியவற்றைத் தேடிக் கண்டுபிடியுங்கள். நாளைக்கு எத்தனை மாத்திரை, மிச்சம் எத்தனை, எந்தத் தேதியில் தீரும் என்று கணக்குப் போட்டு நாட்காட்டியில் வட்டமிடுங்கள். அதற்கு ஒரு வாரம் முன்பாக இன்னொரு வட்டம்.

என் பாட்டியின் நாட்காட்டியில் இப்போது அந்த இரண்டு வட்டங்களும் இருக்கின்றன. முதல் வட்டம் வந்ததும் கிளினிக்குக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போகும்: "அம்மா, அந்த மாத்திரை இருக்கா?" இருக்கிறது என்றால்தான் கிராப் எடுப்போம். ஒவ்வொரு பாட்டிக்கும் அப்படி அழைத்துக் கேட்க ஒரு பேரப்பிள்ளை வாய்க்காது. ஆகவே அந்தக் கேள்வியை மருத்துவமனையே தனக்குத்தானே வாரம் ஒரு முறை கேட்டுக்கொள்ள வேண்டும். அப்படிக் கேட்கும் ஒரு முறையை நாளைக்கு வடிவமைக்கப் போகிறவர், இப்போது இதைப் படித்துக்கொண்டிருக்கும் நீங்களாகவே இருக்கலாம்.